டைப்ரைட்டர் முதல் ‘டிக்’ பெட்டி வரை

(நம் சங்கத்தின் புனே கிளை உறுப்பினர் கூட்டத்தில், கம்ப்யூட்டர் துறையிலிருக்கும் ஓர் அங்கத்தினர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் மாமா போன் செய்து, “முப்பது வருஷமா கம்ப்யூட்டரில் குப்பை கொட்டறயே, அதைப் பத்திப் பேசேன். ஆனா எங்களுக்குப் புரியணும்” என்றார். முதல் பாதி சுலபம். இரண்டாவது பாதிக்குத்தான் இரண்டு நாள் யோசித்தேன்.

இங்கே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் கையைத் தூக்குங்கள். அடேயப்பா, பாதிக்கு மேல்! நானும் கும்பகோணத்தில் பத்தாவது லீவில் அப்பா பிடித்துத் தள்ளிய கேஸ்தான். ஏ, எஸ், டி, எஃப், செமிகோலன், எல், கே, ஜே என்று விரல் நோகத் தட்டியிருக்கிறேன். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறிய நம் முந்தைய தலைமுறையில் பல குடும்பங்களுக்கு அந்த சர்டிபிகேட்தான் சோறு போட்டது.

அந்தக் கீபோர்டில் எழுத்துக்கள் ஏன் இப்படி இறைந்து கிடக்கின்றன என்று அப்போது நாம் கேட்டதில்லை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக்காரரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868-ல் தட்டச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1870-களில் ரெமிங்டன் கம்பெனி அதை விற்க ஆரம்பித்தபோது, ஏறக்குறைய இன்றைய எழுத்து வரிசை வந்துவிட்டது. உள்ளே எகிறும் கம்பிகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அப்படி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆராய்ச்சி செய்தவர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. 1936-ல் டுவோராக் என்பவர் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை வாங்கினார். எடுபடவில்லை. இன்று உங்கள் கைபேசியில் கம்பியும் கிடையாது, சிக்கலும் கிடையாது. வரிசை மட்டும் அதேதான்.

தமிழுக்கும் இதே கதி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி ‘தமிழ்99’ என்று ஒரு அமைப்பு வந்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. அருமையான ஏற்பாடு. ஆனால் நம் சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில் ‘நமஸ்காரம்’கூட இங்கிலீஷ் எழுத்தில்தானே வருகிறது! குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான். கையில் முதலில் எது கிடைத்ததோ, அதோடு விரல் பழகிவிடுகிறது.

எங்கள் தொழிலிலும் இதற்கு வேடிக்கையான சாட்சி ஒன்று இருக்கிறது. ‘வி-ஐ’ என்று, புரோகிராம் எழுதுவதற்கான ஒரு எடிட்டர். 1976 வாக்கில் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் எழுதியது. அதில் இடம், வலம், மேல், கீழ் நகர ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துக்களைத் தட்ட வேண்டும். ஏன் அந்த நான்கு? அவர் உபயோகித்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த எழுத்துக்களின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. அவ்வளவுதான் காரணம்! அந்த டெர்மினல் காலாவதியாகி எத்தனையோ வருஷமாயிற்று. நான் இன்றைக்கும் கோத்ரூடில் உட்கார்ந்துகொண்டு ஹெச், ஜே, கே, எல் தட்டுகிறேன். என் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு.

அவள் தலைமுறைக்கு வேறு கருவி. 2021-ல் கோபைலட் அறிமுகமானது. பாதி வரி எழுதினால் மீதியைச் செயற்கை நுண்ணறிவு மங்கலான எழுத்தில் காட்டும். ‘டாப்’ விசையை ஒரு தட்டுத் தட்டினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். நானும் உபயோகிக்கிறேன், வேலை மிச்சம்தான். ஒன்றுதான் உறுத்துகிறது. சரி என்று சொல்ல ஒரு தட்டுப் போதும். வேண்டாம் என்று சொல்ல முழுவதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அலுப்பாக இருக்கும்போது விரல் எந்தப் பக்கம் போகும், சொல்லுங்கள்?

இதை இவ்வளவு நிச்சயமாக நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2000-களில் பிரயாண டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். பணம் கட்டும் பக்கத்தில், பிரயாண இன்ஷ்யூரன்ஸ் வேண்டுமா என்று ஒரு சின்னப் பெட்டி. வேண்டுமென்பவர் டிக் செய்வார். ஒரு நாள் மேலதிகாரி, “டிக்கை நாமே போட்டு வைத்துவிடு, வேண்டாமென்பவர் எடுத்துக்கொள்ளட்டும்” என்றார். அதற்கு ‘செக்டு’ என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். சேர்த்தேன். இன்ஷ்யூரன்ஸ் விற்பனை ஏறியது, மீட்டிங்கில் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

சில மாதம் கழித்து நாக்பூரிலிருந்து அத்திம்பேர் போன். “ரெண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்து இன்ஷ்யூரன்ஸுன்னு இருநூறு ரூபா பிடிச்சிருக்கான்டா. நான் கேக்கவே இல்லையே!” ரயில்வேயில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர், ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி தூங்காதவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீங்க பாத்து டிக்கை எடுத்திருக்கணும், அத்திம்பேர்.” அந்த டிக்கைப் போட்டது யாரென்று சொல்லவில்லை. 2016-ல் அவர் காலமானார். சொல்லாமலே போய்விட்டது.

இந்த மாதிரி வேலைகளுக்கு 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகைகளைப் பட்டியலிட்டு, கூடாது என்று அறிவித்தது. கேட்காததைக் கூடையில் போடுவது அதில் ஒன்று. என் வேலை அதுதான். ‘இன்னும் இரண்டே ரூம் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது இன்னொன்று. சேருவது சுலபம், விலகுவது கஷ்டம் என்று வைப்பதும் உண்டு. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்குக் கம்பெனிக்குள்ளேயே ‘இலியட்’ என்ற கிரேக்க மகாகாவியத்தின் பெயரை வைத்திருந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் போட்ட வழக்கில் சொன்னது. நாமாக இருந்தால் அனுமார் வால் என்று வைத்திருப்போம். அந்த வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு சமரசத்தில் முடிந்தது.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். உலகெங்கும் சர்வர்களில் இருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்ற சின்ன மென்பொருளை ஃபின்லாந்தில் ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். 2022-ல் வேறு சில பெயர்கள், “ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள்” என்று நச்சரித்தன. அவை பொய்ப் பெயர்கள் என்றுதான் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அதில் ஒன்று நம்மூர்ப் பெயர் மாதிரியே இருந்தது! உடம்பும் மனசும் சோர்ந்திருந்த மனிதர் பொறுப்பைப் பங்கிட்டார். 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் ரகசியக் கதவு இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், லாகின் ஆக அரை விநாடி அதிகமாகிறதே என்று கிளறிப் பார்த்ததில், மார்ச் 29 அன்று குட்டு வெளிப்பட்டது.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் போலீஸ் உடையில் மிரட்டுகிறார்களே, அதுவும் இதே சரக்குதான்: பயம், அவசரம், போனை வைக்க விடாதது. நம் சட்டத்தில் அப்படி ஒரு அரெஸ்ட்டே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று ரேடியோவில் இதைச் சொன்னார். வந்தால் போனை வைத்துவிட்டு 1930-க்குக் கூப்பிடுங்கள். இன்னொன்று: நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் போடவே வேண்டாம். யாராவது போடச் சொன்னால், பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

அத்திம்பேருக்குப் பிறகு அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். போனில் எந்தப் பொத்தானையும் என்னைக் கேட்காமல் தொடுவதில்லை. போன மாசம் மின்சார பில் கட்டும்போது, “இந்த டிக் எதுக்குடா?” என்றாள். அன்றைக்குத்தான் பழைய கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ எனக்கு நீ இருநூறு ரூபா தரணும்” என்றாள்.

கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள்.