மூலவோலையும் படியோலையும்

(திருவொற்றியூரில் நம் சங்கத்தார் கூட்டத்து நிகழ்த்திய சொற்பொழிவு)



மகிழடியிற் சங்கிலியார்க்குச் சூளுரைத்த சுந்தரரை இவ்வூரார்க்கு யாம் அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. அவர்தம் முதல் மணம் தடைப்பட்ட வரலாற்றையே இன்று நினைவூட்டுகின்றோம். கிழவேதியர் காட்டிய அடிமையோலையை நம்பி பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே; மூலவோலை பத்திரமாயிருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அதனைப் பாட்டனார் எழுதிய பிறிதோர் ஓலையோடு ஒப்பிட்டு, கையெழுத்து ஒன்றாயிருத்தல் கண்டு தீர்ப்புரைத்தனர்.

கணினித் தடயவியலார் செய்யுந் தொழிலும் ஏறக்குறைய இதுவே. கைப்பற்றிய கணினியை அவர்கள் நேரே திறந்து துழாவார். திறந்த மாத்திரத்திற் கோப்புக்களின் காலக்குறிப்பு மாறிவிடக்கூடும். படிக்க விட்டு எழுத விடாத கருவியொன்றை இடையே பொருத்தி, வட்டிலுள்ளது முழுதையும் படியெடுப்பர். பின்னர் மூலம், படி இரண்டிற்கும் கணித முறையாற் குறியெண் காண்பர். ‘ஹாஷ்’ என்பது அதன் பெயர். ‘ஷா-256’ என்னும் முறையில் அஃது எண்ணும் எழுத்துமாய் 64 இடங்கள் கொண்டு வரும். மூலத்தில் ஓரெழுத்துத் திரியினும் குறியெண் அடியோடு வேறாகும். ஏட்டுச்சுவடி ஒப்புநோக்கிக் கண் மங்கிய எம்போன்றோர்க்கு இது பொறாமை விளைப்பதே! 1-7-2024 முதல் நடைமுறையிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு வேண்டுஞ் சான்றிதழில் இக்குறியெண்ணுக்கும் இடமுண்டு. ஆய்வெல்லாம் படியின் மேலதே. மூலம் முத்திரையிட்டுக் கிடக்கும்.

2004-இல் நம் சென்னையில் ஒரு பெண்மணியைப் பற்றி இணையக் குழுவொன்றில் ஒருவன் இழிமொழி பரப்பினான். அவ்வம்மையார் வெட்கி ஒதுங்காது புகார் கொடுத்தார். சான்றளிக்கப்பெற்ற இணையப்படியும், இணைய மையத்தார் சாட்சியமும் மன்றேறின. அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள் எழும்பூர் நீதிமன்றம் அவனைத் தண்டித்தது.

அண்மையில் மாணவியொருத்தியின் தந்தையார் எம்மிடம் வந்தார். மகளை மிரட்டி வந்த செய்திகளை, மானத்திற்கு அஞ்சித் தாமே அழித்துவிட்டதாகக் கூறினார். ‘அழித்ததை மீட்பார்களாமே’ என்றும் வினவினார். பழைய கணினி வட்டுக்களில் அஃது உண்மை. ஆங்கு அழித்தலால் அட்டவணைக் குறிப்பே நீங்கும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை பொருள் உள்ளேயே கிடக்கும். இக்காலக் கைப்பேசிகளிலோ யாவும் மறைகுறியில் இருத்தலின் மீட்டல் பெரிதும் அரிது. மூலவோலையை அவர் தங்கையாலேயே கிழித்துவிட்டார்.

ஆதலின், அத்தகைய செய்தி எவர் வீட்டுப் பிள்ளைக்கு வரினும் அழித்தல் கூடாது. மறுமொழியும் எழுதல் கூடாது. கைப்பேசியை உள்ளவாறே காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்க. பொருள் பறிகொடுத்தோர் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

அம்மாணவிக்கு வேறோர் எண்ணிலிருந்து மீண்டும் மிரட்டல் வந்துள்ளது. இம்முறை தந்தையார் ஒன்றையும் அழித்திலர். நாளைக் காலை அவரோடு யாமும் காவல் நிலையத்திற்குச் செல்கின்றோம்.