நாலு பேர் பார்க்கட்டும்!



நன்கொடை பெருகுவது நல்ல மனத்தாலா, நாலு பேர் பார்ப்பதாலா? இதுதான் இன்றைய கேள்வி. நாலு பேர் பார்ப்பதால்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, கோயில் ட்யூப் லைட் கதையைச் சொன்னாங்க. உபயம், உபயம்னு பேரை எழுதி வெளிச்சமே வெளியே வரலையாம். நானும் சிரிச்சேன். ஆனா அம்மா, பேர் எழுதக் கூடாதுன்னு சொல்லியிருந்தா அந்த லைட்டே வந்திருக்காதே! இப்ப அரை வெளிச்சமாவது இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

1986 ஜனவரி 28. அமெரிக்காவில் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடியில் சிதறி, 7 பேர் உயிரிழந்தார்கள். ஃபுளோரிடா மாநில அரசு என்ன செய்தது? ஒரு சட்டம் போட்டது. சாலஞ்சர் படம் போட்ட நம்பர் பலகை வேண்டுமா? வழக்கமான கட்டணத்துக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடு. 1987-இல் அந்தப் பலகை ரோட்டுக்கு வந்தது. அந்தப் பணம் கென்னடி விண்வெளி மையத்தில் நினைவுச் சின்னமாக எழுந்து, 1991-இல் திறக்கப்பட்டது. நன்கொடை கொடு என்று உண்டியலை நீட்டியிருந்தால் ஒரு நாள் போடுவான். காரில் மாட்டிக்கொடுத்ததால், போகிற வழியெல்லாம் அந்த ஏழு பேரையும் நினைவுபடுத்திக்கொண்டே போனான்.

அது அமெரிக்கா, நமக்கு எதுக்குங்கிறீங்களா? நம்ம நாட்டில் 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள். சட்டையில் குத்த ஒரு சின்னக் கொடி, காருக்கு ஒரு கொடி. ராணுவ வீரர் குடும்பத்துக்குக் கொடுக்கிற பணத்துக்குக் கொடி எதுக்கு? நெஞ்சில் குத்தினால்தான் பக்கத்து நாற்காலிக்காரரும் பர்ஸை எடுப்பார்!

இப்ப நம்ம தஞ்சாவூருக்கு வாங்க. என் மச்சான் கார் வாங்கினார். டி.என். 49 வரிசையில் கூட்டுத்தொகை 9 வரணும்னு ஒத்தக் காலில் நின்னார். எட்டு மட்டும் வரவே கூடாது! ஃபேன்சி நம்பருக்குத் தனிக் கட்டணம் கட்டி வாங்கிட்டு வந்தார். என் தங்கச்சி கேட்டா, "ஏங்க, கட்டின பணத்தை வச்சு அரசாங்கம் என்ன செய்யும்?" மச்சான் முழிக்கிறார். "கஜானாவுக்குப் போகும்" என்கிறார். "எட்டாம் நம்பர் ஆகாதுன்னு பார்த்தீங்களே, எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா?" (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, என் தங்கச்சி கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நம்பர் பலகை எப்படி இருக்கணும் என்பது மத்திய அரசின் விதி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்தது. தமிழ்நாடு நினைத்தாலும் பலகையில் நெற்கதிர் போட முடியாது. ஆனால் ஃபேன்சி நம்பருக்குப் பணம் வாங்குவது நம்ம மாநில அரசுதானே? டெல்டா மாவட்டங்களில் வருகிற அந்தப் பணத்துக்கு ஒரு பேர் வைக்கட்டும். "வாய்க்கால் தூர்வார" என்று ரசீதிலேயே அச்சடிக்கட்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டி வருகிற தண்ணீர் கடைமடை வரைக்கும் போய்ச் சேரணும். நடுவில் வாய்க்கால் மேடாகிக் கிடந்தால், கடைசி வயல்காரன் வானத்தைத்தான் பார்க்கணும். மச்சானுடைய ஒன்பதாம் நம்பர் அவன் வயலுக்குத் தண்ணியாப் போகட்டுமே!

எதிரணித் தலைவர் ஐயா உடனே எழுந்திருப்பார். "1968-இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தியது, 2003-இல் லாட்டரியையே தடை செய்ய வேண்டி வந்ததே, ஆசையைக் காட்டிப் பணம் திரட்டினால் அதுதானே முடிவு?" என்பார். ஐயா, லாட்டரியில் கூலிக்காரன் அடுப்புக்கு வைத்திருந்த காசு போச்சு. ஃபேன்சி நம்பரில் போவது கார்க்காரருடைய பெருமைக் காசு. இரண்டும் ஒன்றாகுமா?

"வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது" என்றும் சொன்னார்கள். தனி மனிதனுக்கு அது சரி. ஆனால் ஊர்ப் பணத்தைத் தொடுகிற கை, ஊருக்கே தெரியணும்!

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பெரிய கோயில் நிற்கிறது. 1010-இல் கட்டி முடித்த ராஜராஜன், தான் கொடுத்ததை மட்டுமா கல்லில் வெட்டச் சொன்னான்? அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டச் சொன்னான். வெறும் பேரா? ஒரு விளக்குக்கு 96 ஆடு. அந்த ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் இன்னார். தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்தவன் பேருக்குப் பக்கத்திலேயே பொறுப்பேற்றவன் பேரும் இருக்கிறது ஐயா!

பேராவூரணிப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கிறதே, அங்கேயும் இதுதான். மைக்கில் பேரைச் சொல்வது கொடுக்க வைக்கிறது. மொய் நோட்டு அதைக் காப்பாற்றுகிறது. நோட்டு இல்லாத மொய்யை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே, நாலு பேர் பார்த்தால் பணம் வரும். நாலு பேர் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். நல்ல மனசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வீட்டுக்குள்ளே இருக்கட்டும். கணக்கு மட்டும் கோயில் சுவரில் இருக்கட்டும் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)