மதிப்பெண், குலுக்கல், விலை: ஒரு ரூட்டுக்கு மூன்று போட்டிகள்

 

நகரப் பேருந்துத் தடங்களுக்கான ஒப்பந்தப் போட்டியைப் பற்றிய கருத்தரங்குக்குக் கெலமங்கலம் போன்ற ஒரு பேரூராட்சிக்கு வருவானேன் என்று சிலர் கேட்டார்கள். ஒசூர் 2019இல் மாநகராட்சி ஆயிற்று. ஆனால் ஒசூரின் உழைப்பாளிகள் எல்லாரும் மாநகராட்சி எல்லைக்குள் குடியிருக்கவில்லை. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, தளி, சூளகிரி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நாள்தோறும் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். சிலர் ஜூஜூவாடி தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறார்கள். கூத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு எதிர்த்திசையிலும் ஓட்டம் தொடங்கிவிட்டது. எது டவுன் பஸ் தடம், எது கிராமத் தடம் என்ற கோடு அழிந்துகொண்டிருக்கும் இடம் இது. ஆகவே இந்தப் பொருளைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்த விவாதத்தில் பழைய பாத்தியதையும் உண்டு. 1956 ஜூன் மாதம் சென்னை - கிருஷ்ணகிரி எக்ஸ்பிரஸ் தடத்துக்கு இரண்டு பர்மிட்டுகள் தருவதாக மாநிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. இரண்டே பர்மிட், விண்ணப்பித்தவர்கள் நூற்றுக்கும் மேல். எப்படித் தேர்ந்தெடுப்பது? அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை அரசு ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. விண்ணப்பதாரருக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறதா, தடத்தில் அவருக்கு வீடோ அலுவலகமோ உண்டா, தொழில் அனுபவம் எவ்வளவு, இந்தப் பர்மிட் கிடைத்தால் அவர் கட்டுபடியாகும் அளவுக்கு வண்டிகள் வைத்திருப்பவர் ஆவாரா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னது அந்த ஆணை. அதன்படி மதிப்பெண் போட்டு 1958இல் பர்மிட் கொடுத்தார்கள். தோற்றவர்கள் மேல்முறையீடு போனார்கள். வழக்கு தீர்ப்பாயம், உயர்நீதிமன்றம் என்று ஏறி, 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பி. ராஜகோபால நாயுடு வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். பர்மிட் தரும் அமைப்பு நீதிமன்றம் போல இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்க வேண்டியது. அது எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட முடியாது என்று சொல்லி, அந்த மதிப்பெண் ஆணையே செல்லாது எனத் தீர்த்தார்கள்.

சட்ட மாணவர்கள் இதில் நிர்வாக அதிகாரத்தின் எல்லையைப் படிக்கிறார்கள். போக்குவரத்து மாணவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். எட்டு ஆண்டு நீண்ட இந்த விவகாரத்தில், வண்டி நேரத்துக்கு வருமா, இரவு கடைசி நடை ஓடுமா என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. அளக்கப்பட்டவர் உரிமையாளர்; பயணி எந்தத் தாளிலும் இல்லை.

அடுத்த கட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மதுரையில் டிவிஎஸ், கும்பகோணத்தில் இராமன் அண்டு இராமன், பொள்ளாச்சியில் ஆனைமலைஸ் என்று தனியார் நிறுவனங்கள் வளர்ந்திருந்தன. 1972இல் அவற்றின் தடங்களும் வண்டிகளும் பாண்டியன், சோழன், சேரன் போக்குவரத்துக் கழகங்களாயின. சேலத்துக்கு 1973இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தது. பிறகு அதிலிருந்து தருமபுரிக்கு அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997இல் தலைவர்கள் பெயர்கள் நீங்கி, இன்று இந்தப் பக்கம் ஓடும் அரசு வண்டிகள் சேலம் கோட்டத்தின் தருமபுரி மண்டலத்தைச் சேர்ந்தவை. சிறு தனியார்கள் ஒன்றிரண்டு பர்மிட்டோடு நீடித்தார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட்டைத் தாராளமாக்கியது. புதியவர் போட்டிக்கு வருகிறார் என்பதற்காகப் பழைய உரிமையாளர் வழக்குப் போட முடியாது என்று 1991இல் மிதிலேஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அரசுடைமைத் திட்டங்கள் குறுக்கே நின்றதால் அந்தத் தாராளம் தமிழ்நாட்டுக்கு முழுதாக வந்து சேரவில்லை.

பஸ் எட்டாத ஊர்களுக்கென்று 1997இல் மினி பஸ் திட்டம் வந்தது. அதன் புதிய வடிவம் 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. 25 கிலோமீட்டர் வரை தடம். அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். ஒரே தடத்துக்குப் பலர் விண்ணப்பித்த இடங்களில் ஆட்சியர் அலுவலகங்களில் குலுக்கல் நடந்தது. மதிப்பெண் போட்டால் வழக்கு வரும். குலுக்கினால் யாரும் கேட்க முடியாது. நேர்மையான முறைதான். ஆனால் நன்றாக ஓட்டுகிறவரும் நாலு நாள் ஓட்டிவிட்டு வண்டியைக் கல்யாணத்துக்கு அனுப்புகிறவரும் குலுக்கல் சீட்டில் ஒன்றுதான்.

மூன்றாவது முறை, விலை. இந்த முறையில் உரிமையாளர் டிக்கெட் பணத்தை நம்பி ஓட்டுவதில்லை. வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் அவர் பொறுப்பு. கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. வசூல் கழகத்துக்குப் போகிறது. 2022இல் பெங்களூரு உள்ளிட்ட ஐந்து நகரங்களுக்குச் சேர்த்து மத்திய அரசு நிறுவனம் ஒன்று நடத்திய டெண்டரில் 12 மீட்டர் மின்பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 43.49 ரூபாய் என்று விலை இறங்கியது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஓம் குளோபல் மொபிலிட்டியுடன் 12 ஆண்டு ஒப்பந்தம்; குளிர்சாதனம் இல்லாத வண்டிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 77 ரூபாய்; நடத்துநர் கழகத்தவர். 43 எங்கே, 77 எங்கே என்று மேடையில் கைதட்டு வாங்கலாம். ஆய்வாளர் அப்படி ஒப்பிடக் கூடாது. தாழ்தளமா, மானியம் எவ்வளவு, மின்கட்டணம் யார் தலையில், நாளைக்கு எத்தனை கிலோமீட்டருக்கு உத்தரவாதம் என்று பார்த்த பிறகே எந்த விலைக்கும் அர்த்தம் வரும். அடிமட்ட விலை கேட்டு வென்றவருக்கு, குறைக்க எளிதாகக் கிடைப்பது ஓட்டுநர் சம்பளம். பெங்களூரில் மின்பேருந்து ஒப்பந்த ஓட்டுநர்கள் வேலையை நிறுத்திய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். வேலைநிறுத்த நாளில் பயணிக்குக் கிலோமீட்டர் விலையால் என்ன பயன்?

இந்த மூன்று முறைகளும் ஒப்பந்தத்தைப் பெறும் வரையுள்ள போட்டி. சாலையில் நடக்கும் போட்டி வேறு. தனியார் பஸ்ஸில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வருமானத்தில் பெரும்பங்கு பேட்டா. பேட்டா கலெக்‌ஷனைப் பொறுத்தது. முன்னால் போகும் வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிறவரின் கூட்டம் போச்சு. பஸ் ஸ்டாண்டு டைமிங் சண்டைக்கும், நிறுத்தத்தில் நிற்காமல் முந்திப் பறப்பதற்கும் காரணம் அவர்களுடைய குணமல்ல, சம்பளக் கணக்கு. டில்லியில் 1992இல் தொடங்கிய தனியார் பஸ்கள் பின்னர் புளூலைன் என்று பெயர் பெற்று, 2007இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. 2011இல் அங்கே தடங்களைத் தொகுப்பாகப் பிரித்து, கிலோமீட்டருக்குப் பணம் தரும் முறைக்குப் போனார்கள். ஓட்டுநர் துரத்த வேண்டிய அவசியம் அத்துடன் ஒழிந்தது.

பிரிட்டன் இந்த இரண்டு போட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாடு. லண்டனில் 1985 முதல் தடம் தடமாக டெண்டர். கால அட்டவணையும் கட்டணமும் பொது அமைப்பின் கையில். லண்டனுக்கு வெளியே 1986 அக்டோபர் 26 முதல் முன்னறிவிப்புக் கொடுத்து யாரும் எந்தத் தடத்திலும் ஓட்டலாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து மான்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பேருந்துகள் முழுவதையும் ஒப்பந்த முறைக்குள் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 2016இல் வண்டியையும் பணிமனையையும் அரசே வைத்துக்கொண்டு, ஓட்டும் வேலையை மட்டும் தொகுப்புத் தொகுப்பாக டெண்டர் விட்டது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்றுதான்: போட்டி ஒப்பந்தத்தோடு முடிய வேண்டும்; சாலைக்கு வரக் கூடாது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் பஸ்ஸுக்குப் போட்டி இன்னொரு பஸ் மட்டும் அல்ல. 1972இல் பஸ்களை இழந்த டிவிஎஸ் குழுமம் 1980இல் ஒசூரிலிருந்து டிவிஎஸ் 50 என்ற இருசக்கர வண்டியை விற்பனைக்கு விட்டது. அதே 1980இல்தான் அசோக் லேலண்டின் ஒசூர் ஆலையும் தொடங்கியது. பஸ்ஸையும் பஸ்ஸின் எதிராளியையும் ஒரே ஆண்டில் செய்யத் தொடங்கிய ஊர் இது. நேரத்துக்குப் பஸ் வராத ஒவ்வொரு கிராமத்திலும் தவணைக்கு ஒரு இருசக்கர வண்டி வந்துவிடுகிறது. வந்தபின் அந்தப் பயணி திரும்ப வருவதில்லை.

இரண்டாவது எதிராளி, கம்பெனி பஸ். ஆலைகள் தொழிலாளரை ஏற்றி இறக்கத் தனி ஒப்பந்தம் போடுகின்றன. ரூட் பர்மிட்டுக்கு நடக்கும் போட்டியை விடக் கடுமையான போட்டி இன்று இதற்குத்தான். ஷிஃப்டு நேரத்தில் நிறைந்து போகும் அந்த வண்டிகள் அதே சாலையில் நிற்கும் மாணவியையும் ரோஜாக் கட்டோடு நிற்கும் விவசாயியையும் ஏற்றச் சட்டம் இடம் தராது. பயணிகளில் நிரந்தரமானவர்களை ஆலை எடுத்துக்கொள்ள, மிச்சத்தை வைத்து டவுன் பஸ் ஓட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சிக்கல், கட்டணம். 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்களின் சம்பளத்தில் பெரும் பாரத்தைக் குறைத்த நல்ல திட்டம். ஆனால் அதே தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் அந்தச் சலுகை இல்லை. அரசு வண்டி வராத ஊர்ப் பெண் அதனால் இரண்டு முறை இழக்கிறாள்: பஸ்ஸும் இல்லை, சலுகையும் இல்லை. எல்லை தாண்டினால் இன்னொரு கதை. கர்நாடகத்தின் கட்டணமில்லாப் பயணத் திட்டமான சக்தி, 2023 ஜூன் 11 முதல் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டுமே. கெலமங்கலத்திலிருந்து பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறவள் இரண்டு திட்டங்களுக்கும் நடுவே சில்லறை எண்ணிக்கொண்டு நிற்கிறாள். இரு மாநிலங்களுக்கு இடையே எத்தனை வண்டி, எத்தனை கிலோமீட்டர் என்பது அரசுகள் செய்துகொள்ளும் உடன்பாட்டைப் பொறுத்தது. ஆலை வளர்கிற வேகத்தில் உடன்பாடுகள் வளர்வதில்லை. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. நாம் அங்கே போய்ச் சேரும் வழிதான் இன்னும் அறுந்து அறுந்து கிடக்கிறது.

என் கருத்தைச் சுருக்கமாக வைக்கிறேன். மறுக்க வேண்டியவர்கள் தாராளமாக மறுக்கலாம். லாபத் தடத்தைத் தனியாகவும் நட்டத் தடத்தைத் தனியாகவும் கொடுக்கக் கூடாது. ஒசூர் - கெலமங்கலம் தடத்தை விரும்புகிறவர் அஞ்செட்டி மலைப்பக்கத்து நடைகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓட்டுநர் சம்பளத்தை டெண்டர் ஆவணமே நிர்ணயிக்க வேண்டும். அதில் யாரும் குறைத்துக் கேட்க இடம் இருக்கக் கூடாது. ஓடாத நடைக்கும் விடுபட்ட கடைசி பஸ்ஸுக்கும் பிடித்தம் வேண்டும். அந்தக் கணக்கு ஊர் மக்கள் பார்க்கும்படி பஸ் ஸ்டாண்டில் ஒட்டப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் ஓடும் வண்டி யாருடையதாக இருந்தாலும் பெண்களின் கட்டணச் சலுகை அதிலும் செல்ல வேண்டும்.

இது தனியார்மயத்துக்குக் கதவு திறப்பது என்று தொழிற்சங்கத் தோழர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளுகிற கட்டுரை எதுவும் இங்கே மதிப்புப் பெறாது. என் பதில் இது: அரசுக் கழகத்துக்கும் ஒப்பந்தம் வேண்டும். இத்தனை நடை, இந்த நேரம், இதற்கு இவ்வளவு பணம் என்று அரசு தன் கழகத்தோடும் எழுதிக்கொள்ளட்டும். சலுகைக்கு ஈடான தொகை கைக்கு வரும் நாளும் அதில் இருக்கட்டும். அப்படி எழுதாத வரையில் நட்டத்தின் பழி கழகத்துக்கும், நடை ரத்தானதன் வலி பயணிக்கும் போய்ச் சேரும்.

அமர்வுகளில் கட்டுரை படிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய வட்டாரப் போக்குவரத்து ஆணையக் கூட்ட நடவடிக்கைகளும் தீர்ப்பாய உத்தரவுகளும் நம் கிராமங்களின் வரலாறு. எந்த ஊருக்கு எந்த ஆண்டு முதல் பஸ் வந்தது, யார் எதிர்த்தார்கள் என்பது அவற்றில் இருக்கிறது. அவை கரையான் அரிப்பதற்கு முன் படியுங்கள். களத்துக்குப் போகும்போது தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்த வட்டாரத்தின் பயணி மூன்று மொழிகளிலும் பேசுகிறார். உரிமையாளரை அளக்க மதிப்பெண்ணும் குலுக்கலும் விலையும் இருந்தன. பயணிக்குக் கிடைத்த சேவையை அளக்கும் முறையை நீங்கள் உருவாக்கித் தாருங்கள். அடுத்த ஒப்பந்தம் எழுதுகிறவர் மேசையில் அது இருக்க வேண்டும். அந்தப் பணியை எதிர்பார்த்து இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.