பியானோ வகுப்பா, இசையமைப்பா? கீபோர்டு வாங்கும் முன்...



எனக்கு முன் பேசியவர்கள் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் அருமையாகச் சொன்னார்கள். நான் ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கீபோர்டு! பொருள்தானே என்று எண்ண வேண்டாம். பொருந்தாத கீபோர்டு வீட்டுக்குள் வந்துவிட்டால், நல்ல ஆசிரியரும் தினசரிப் பயிற்சியும் இருந்தும் பிள்ளை முன்னேறுவது கடினம்.

நம் மலேசிய வீடுகளில் நடப்பது இதுதான். பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்க்கிறோம். மறுநாளே பேரங்காடிக்குப் போய்ச் சில நூறு வெள்ளியில் 61 கட்டை கீபோர்டு ஒன்றை வாங்கி வருகிறோம். நூறு வகை ஓசை, நூறு வகைத் தாளம், வீடே அமர்க்களப்படும். சில மாதம் போனதும் ஆசிரியர், "விரலில் அழுத்தமே இல்லையே" என்பார். பிள்ளைக்கு வகுப்பு கசக்கும். பெற்றோரும் "இவனுக்கு இசை வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கீபோர்டு அலமாரி மேல் ஏறிவிடும். குறை பிள்ளையிடமா, கருவியிடமா என்று யாரும் கேட்பதில்லை.

பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் உரத்த ஒலி. ஏறக்குறைய 1700-ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய இக்கருவிக்குப் பெயர் வந்ததே "மெல்ல", "உரக்க" என்ற இரண்டு இத்தாலியச் சொற்களால்தான். வெள்ளை 52, கறுப்பு 36, மொத்தம் 88 கட்டைகள். மலிவான கீபோர்டில் சுத்தியலின் கனம் இல்லை. கட்டைக்கு அடியில் இருப்பது வெறும் சுருள்வில் போன்ற அமைப்பு. சிலவற்றில் எப்படி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிதான். வாரம் ஒரு மணி நேரம் வகுப்பில் கனமான கட்டை, மற்ற ஆறு நாளும் வீட்டில் கனமற்ற கட்டை என்றால் விரல் எதைப் பழகும்?

ஆகவே, கடைக்குப் போகும் முன் பிள்ளை எதற்காக வாசிக்கப் போகிறது என்று கேளுங்கள்.

பியானோ வகுப்புக்கு என்றால் 88 கட்டைகளும், சுத்தியல் கனத்தைத் தரும் "ஹேமர் ஆக்‌ஷன்" அமைப்பும், ஒலியை நீட்டும் பெடலும் கொண்ட டிஜிட்டல் பியானோ வேண்டும். யமஹா பி-145, ரோலண்ட் எஃப்.பி-10 போன்றவை தொடக்க நிலையில் இவ்வகையைச் சேர்ந்தவை. விலை பொதுவாக 2,000 வெள்ளியைத் தாண்டும். கடையில் ஒரே கட்டையை மெதுவாகவும் அழுத்தமாகவும் வாசித்துப் பாருங்கள். இடக்கோடிக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலக்கோடிக் கட்டைகள் இலகுவாகவும் இருந்தால் நல்லது. உண்மையான பியானோவும் அப்படித்தான். ஏபிஆர்எஸ்எம் போன்ற தேர்வுகளுக்குப் பிள்ளை அமரப் போவதாக இருந்தால், எந்தத் தேர்வுக்கு எத்தகைய கருவியை ஏற்கிறார்கள் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அசல் பியானோவே வாங்கலாமே என்பீர்கள். வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் நின்ற வாக்கில் இருக்கும் பியானோ ஒன்று பொதுவாக ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். நம் நாட்டு ஈரப்பதத்தில் அதற்குத் தவறாமல் சுருதி சேர்க்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசித்தால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். டிஜிட்டல் பியானோவில் காதொலிக்கருவியைப் பொருத்திவிட்டால் அந்தக் கவலை இல்லை.

கணினியில் இசையமைக்க விரும்பும் இளையருக்குத் தேவை வேறு. 1983-இல் அறிமுகமான "மிடி" என்ற பொது மொழியில்தான் இன்றுவரை கீபோர்டுகள் கணினியுடன் பேசுகின்றன. எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் போன்ற தகவல் மட்டும் போகும். ஒலியைக் கணினி எழுப்பும். அக்காய் எம்.பி.கே. மினி போன்ற 25 கட்டைக் கருவியே தொடக்கத்திற்குப் போதும். அதில் சொந்த ஒலி இல்லை என்பதால் தரக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல காதொலிக்கருவி வாங்கலாம்.

நம் இசைக்கு இன்னொன்று மிக முக்கியம். கமகம் என்பது சுரத்தை வளைப்பது, அசைப்பது. கட்டையால் அது முடியாது; அதற்குப் "பிட்ச் பெண்ட்" சக்கரம் வேண்டும். பியானோ வகுப்புக்குரிய கருவிகள் பலவற்றில் இது இருப்பதில்லை. நாதஸ்வரம், வீணை ஓசைகளைக் கணினியில் சேர்க்க நினைப்பவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும்.

மெல்லிசைக் குழுவில், திருமண விருந்தில் வாசிக்க விரும்புவோருக்குத் தாளமும் துணையிசையும் தானாக ஒலிக்கும் 61 கட்டைக் கீபோர்டு பொருத்தமானது. அது மேடைக் கருவி. அதற்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் அது பியானோ ஆகாது.

வகுப்பும் வேண்டும், இசையமைப்பும் வேண்டும், பணமோ ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால்? யுஎஸ்பி வழி கணினியுடன் இணைக்கக்கூடிய 88 கட்டை டிஜிட்டல் பியானோவை முதலில் வாங்குங்கள். அது இரண்டு வேலையும் செய்யும். சக்கரம் உள்ள சிறிய கருவியைப் பின்னர் சேர்க்கலாம். பெரியது சிறியதன் வேலையைச் செய்யும். சிறியதைப் பெரியதன் வேலைக்கு இழுக்க முடியாது.

அவ்வளவு பணம் இல்லாத குடும்பங்களும் மனம் தளர வேண்டாம். வாடகைக்குக் கிடைக்குமா என்று இசைப்பள்ளியில் கேளுங்கள். பழைய கருவி வாங்கினால் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவியானால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230 முதல் 240. நேரடியாகச் செருகினால் கருவி கருகிவிடும். அதுவும் முடியாதா? அழுத்தத்திற்கேற்ப ஒலி மாறும் 61 கட்டைக் கீபோர்டில் சில மாதம் தொடங்கலாம். ஆனால் அது தற்காலிகம் என்பதை ஆசிரியரிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.

ஏ.ஆர். ரஹ்மான் சிறு வயதில் தந்தையை இழந்தவர். தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அக்குடும்பம் பிழைத்தது. 1992-இல் "ரோஜா" வெளிவரும் முன், பல ஆண்டுகள் பிற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தார். முதலில் விரல் பழகியது. இசையமைப்பு பிறகு வந்தது. எல்லாப் பிள்ளையும் ரஹ்மான் ஆக வேண்டியதில்லை. ஆனால் "எனக்கு இசை வராது" என்ற தீர்ப்பை ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்கக்கூடாது. அதுவும் தவறான கீபோர்டின் காரணமாகச் சுமக்கவே கூடாது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விலைச்சீட்டை நீங்கள் பாருங்கள். கட்டையை அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.