பசித்த கணையமும் பசியாறிய கணையமும்

பால்மரத்துக்கும் செம்பனைக்கும் பேர்போன நெகிரி செம்பிலான் ரந்தாவில் கணையத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். உணவாராய்ச்சி இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது அண்டாததையும் 1907இல் நூலாக எழுதியவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய அரசு மருத்துவர் பிராடன். அரிசியில் நஞ்சு சேர்வதாக அவர் நினைத்தது தவறு. கண்ணால் கண்டது சரி. அதே ஆண்டில் மருத்துவர்கள் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் சாலைத் தொழிலாளர்களுக்கு இரண்டு அரிசியையும் தனித்தனியே கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

தொழிலாளர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அந்த மருத்துவர்கள் கேட்டார்கள். கணையத்துக்குரிய உயிர் எப்போது சாப்பிட்டது என்றும் நாம் கேட்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத கணையத் திசுச் சீவலை நான் நம்புவதில்லை.

காரணம் 1875இலேயே கிடைத்துவிட்டது. பிரெஸ்லாவ் நகரில் உடலியலாளர் ஹைடன்ஹைன் நாய்களின் கணையத்தைப் பார்த்தார். பட்டினி கிடந்த நாயில் நொதி சுரக்கும் உயிரணுவின் உட்புறம் முழுக்கச் சுரப்புத் துகள்கள். தீனி தின்ற சில மணி நேரத்தில் அந்தப் பகுதி சுருங்கியது. பிறகு மெல்ல நிரம்பியது. இறந்த திசுவின் கோளாறாக இருக்குமோ என்ற ஐயத்துக்கும் இடமில்லாமல், 1882இல் கியூனேவும் லீயும் உயிருள்ள முயலின் கணையத்திலேயே துகள்கள் வெளியேறுவதைக் கண்டார்கள். வேகஸ் நரம்பைத் தூண்டினாலும் பைலோகார்பின் செலுத்தினாலும் துகள்கள் குறையும். 1902இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த செக்ரெடினோ பெரும்பாலும் நீரையும் பைகார்பனேட்டையும்தான் பெருக்கும். ஆகவே 'தூண்டினோம்' என்று மட்டும் எழுதினால் போதாது, எதனால் தூண்டினீர்கள்?

உயிரணு ஆய்வாளர் பாலேடின் குழுவினர் கினிப்பன்றிகளைப் பட்டினி போட்டுப் பின் தீனி கொடுத்து, புரதம் உருவாகும் இடத்திலிருந்து கோல்கை உறுப்பு வழியே துகளில் அடைபடும் வரை அதன் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். 1974 நோபல் பரிசு அதற்கும் சேர்த்துத்தான். நீண்ட நாள் உணவு துகளின் சரக்கையே மாற்றிவிடும்: மாவுச்சத்து மிகுந்த தீனி தின்ற எலியில் அமிலேஸ் கூடும், புரதத் தீனியில் புரதம் செரிக்கும் நொதிகள் கூடும். புரதமே கிடைக்காத குவாஷியோர்கர் குழந்தையில் துகள்கள் அருகிப்போகும்.

இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுவின் கதை வேறு. அதில் ஏறத்தாழ பத்தாயிரம் துகள்கள் உண்டு. குளுகோஸ் ஏறியதும் சவ்வோரம் காத்திருக்கும் சிறு பங்கு மட்டும் சில நிமிடங்களில் வெளியேறும். இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் தவறுவது இந்தத் துரித வீச்சுதான். குளுகோஸ் இறங்காமலே இருந்தால் கையிருப்பும் கரையும். உயிரணுவுக்கு ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும்.

2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. தோட்டத்தில் 'இனிப்பு நீர்' இல்லாத வீட்டைத் தேட வேண்டும். இதைச் சோற்றின் தலையில் மட்டும் கட்டுவது சோம்பல். பரம்பரை, உடலுழைப்பு, வேளை தவறிய தீனி எல்லாம் சேர்ந்த வினை இது.

காலை அமர்வு நொதிகளைப் பற்றியது, மாலை அமர்வு இன்சுலினைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு என்று எண்ணி மதிய உணவோடு பாதிப் பேர் பஸ் ஏறிவிடாதீர்கள். சிகிச்சையற்ற நீரிழிவு எலியின் கணையத்தில் அமிலேஸ் வீழ்கிறது. இன்சுலின் கொடுத்தால் திரும்புகிறது. முதல் கட்டுரையாளர் வரலாம். எலிகள் எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தன என்பதிலிருந்து தொடங்குங்கள்.