ஒரு கையால் எடுக்க ஒரு பை



கடனைப் பற்றி, தொழிலைப் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் பேசப்போறது வெட் வைப்ஸ் பாக்கெட் பற்றி. சிரிக்காதீங்க.

எங்க அத்தை பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்காங்க. ஒரு கையால் அவங்களை ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்தால், துடைக்க மறு கைதான் மிச்சம். அந்தப் பாக்கெட்டோ இரண்டு கை கேட்கிறது. இழுத்தால் பாக்கெட்டே கூட வரும், இல்லையென்றால் நாலைந்து தாள் சேர்ந்து வரும். நாலு நாளில் ஸ்டிக்கரில் பசை போய், ஈரம் காய்ந்துவிடும். காய்ந்த தாளால் தேய்த்தால் வயசானவங்க தோல் தாங்குமா? படுக்கைப்புண் வந்துட்டா லேசில் ஆறாது.

அதனால் ரெக்சினில் பாக்கெட் அளவுக்கு ஒரு பை தைத்தேன். இரண்டு பக்கமும் நாடா. கட்டில் சட்டத்தில் இறுக்கிக் கட்டிவிட்டால் இழுக்கும்போது அசையாது. வாய் இரண்டு விரல் அகலம்தான், பெரிசானால் கொத்தாக வரும். மேலே வெல்க்ரோ மூடி, கட்டைவிரலால் நெம்பினால் திறக்கும். புதுப் பாக்கெட்டை முந்தின ராத்திரியே கவிழ்த்து வைத்துவிடுவேன். அடியில் தங்கின ஈரம் மேல் தாளுக்கும் வரும். (துடைத்ததைக் கக்கூஸில் போடாதீங்க, கரையாது, அடைச்சுக்கும்.)

காற்றுப் புகாமல் மூடுவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. மூடிக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு வைத்துப் பார்க்கிறேன்.

தையல் குழு அக்காமார்களே, உங்க கை என் கையைவிட நேர்த்தி. நீங்க தைத்தால், நம்ம கூட்டமைப்பில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிற வீடுகளுக்கு முதலில் கொடுக்கலாம். மாதிரிப் பை அந்த மேசைக் காலில் கட்டியிருக்கு. ஒரு கையால் இழுத்துப் பாருங்க.