பிறர் விடும் புகையும் நம் வீட்டுக் காற்றும்



மொழி மன்றத்தின் மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. நான் இன்று எடுத்துக்கொண்டுள்ள தீங்கு, ஒரு வீட்டுக்குள் ஒருவர் மற்றொருவரிடம் சொல்லத் தயங்கி விழுங்கிவிடும் சொற்களால் வளர்கிறது. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதால் விளையும் கேடு அது.

எரியும் வெண்சுருட்டிலிருந்து இரண்டு வழியாகப் புகை வருகிறது. புகைப்பவர் உள்ளிழுத்து வெளியே விடுவது ஒன்று. இரண்டு இழுப்புகளுக்கு இடையே நுனி கனன்றுகொண்டிருக்கும்போது தானே எழுவது மற்றொன்று. அறையில் நிறையும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையே. குறைந்த வெப்பத்தில் எரிந்து, வடிகட்டியின் வழியே செல்லாமல் நேரே காற்றில் கலப்பதால், நச்சுப் பொருள்கள் பல இதில் மிகுந்த செறிவோடு இருக்கின்றன. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புகையின் இயல்பை நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளையாகப் புகைக்கூடத்துக்குள் போகும் ரப்பர்த் தகடு, சில நாள்களில் தேன் நிறம் கொண்டு வெளியே வருவதை நம் பெற்றோர் நாள்தோறும் கண்டார்கள். எங்கே மாட்டினாலும் எந்தத் தகடும் புகைக்குத் தப்புவதில்லை. ஒரே கூரையின் கீழ் வாழும் மனிதர் நிலையும் அதுவே.

இதை மருத்துவ உலகம் உணர்ந்துகொண்டது எளிதில் நடந்ததன்று. ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா, தாம் புகைக்காத 91,540 மனைவியரின் உடல்நிலையை 1966 முதல் 1979 வரை, 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். கணவர் எவ்வளவு மிகுதியாகப் புகைத்தாரோ, அவ்வளவு மிகுதியாக மனைவியர்க்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. 1981இல் வெளியான இம்முடிவைப் புகையிலை நிறுவனங்கள் கடுமையாக மறுத்தன. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஹிராயாமாவின் பக்கமே நின்றன. 2004இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, பிறர் புகையைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்து அறிக்கை வெளியிட்டது.

ஹிராயாமாவின் ஆய்வில் உழவர் குடும்பத்து மனைவியரும் இருந்தார்கள். வயலில் உழைத்து வீடு திரும்பிய அப்பெண்களும், விடியலில் பால்மரம் வெட்டப் புறப்பட்ட நம் தாய்மார்களும் ஒரே வகை வாழ்வினர். 2011இல் மலேசியாவில் நடந்த பெரியோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆண்களில் 43.9 விழுக்காட்டினர் புகைத்தார்கள். பெண்களில் 1 விழுக்காட்டினரே புகைத்தார்கள். அதே ஆய்வில், பெரியோரில் 38.4 விழுக்காட்டினர் தம் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளாகினர். புகையை உண்டாக்குபவர் யார், அதைச் சுமப்பவர் யார் என்பதை இவ்வெண்களே காட்டுகின்றன.

அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, இவ்வளவு புகை தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்றது. புகைக்காதவர் இப்புகையில் வாழ்ந்தால் இதயநோய்க்கான வாய்ப்பு 25 முதல் 30 விழுக்காடு வரை உயர்கிறது. குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சி, காதுநோய், கடுமையான ஆஸ்துமா ஆகியவை வருகின்றன. நுரையீரலின் வளர்ச்சி குன்றுகிறது. கைக்குழந்தை உறக்கத்திலேயே திடீரென இறக்கும் அபாயமும் கூடுகிறது. உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிறர் புகையால் உயிரிழக்கின்றனர்.

நம் நாட்டுச் சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. மாமாக் கடையாயினும் சாலையோர ஒட்டுக்கடையாயினும் தடை ஒன்றே. புகைப்போர் எழுவர் இதை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றனர். அதே ஆண்டில் அவர்களது மனு தள்ளுபடியானது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. மின்சிகரெட்டும் அதனுள் அடங்கும். ஆயினும் சட்டம் நம் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. கடையில் தேநீர் அருந்தும்போது அடக்கிக்கொண்ட வெண்சுருட்டை, வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையின் தொட்டிலருகே பற்றவைப்பவரைத் தடுக்க அதிகாரி எவரும் வரமாட்டார்.

சன்னலைத் திறந்துவைத்தேன், விசிறியைப் போட்டேன், அடுத்த அறையில்தானே புகைத்தேன் என்று சமாதானம் சொல்வார்கள். காற்றோட்டம் புகையின் மணத்தைக் குறைக்கும். நச்சை முற்றிலும் நீக்காது. பழைய லயன் வீடுகள் பலவற்றில் இடைச்சுவர் கூரையை எட்டாது. ஒரு வீட்டில் எழுந்த புகை அடுத்த வீட்டுக்கும் உரியதாயிற்று. இன்றைய வீடுகளில் சுவர் உயர்ந்திருக்கிறது. ஆனால் கதவிடுக்கின் வழியே புகை புகும். மெத்தையிலும் திரைச்சீலையிலும் படிந்து தங்கும். சன்னல் மூடிய காரில் நிலைமை இன்னும் மோசம்.

அப்படியானால் வீட்டுக்குள் காவல் எது? நம் மரபிலேயே அது இருக்கிறது. தந்தையோ தாய்மாமனோ எதிரே வந்தால், கையிலிருந்த வெண்சுருட்டை முதுகுக்குப் பின்னே மறைத்த இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். மூத்தவர் முகத்துக்கு நேரே புகைவிடுவது மரியாதைக் குறைவு என்று அவர்களுக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. அந்த மரியாதையை இனிக் குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் நோயாளிக்கும் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மறைப்பது போதாது, எழுந்து, வீட்டைவிட்டு விலகிச் செல்ல வேண்டும்.

இதைச் சொல்லும் பொறுப்பை மருமகளின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. மாமனாரிடம் அவள் வாய்திறப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். வீட்டில் மூத்த பெண்மணி முதலில் பேசட்டும். "பிள்ளை இருக்கிற வீடு, வெளியே போய்ப் பிடிங்க" என்ற ஒரு வரி போதும். அதில் பகையும் இல்லை, அவமதிப்பும் இல்லை. திருமண வீட்டில் வெற்றிலைத் தட்டோடு வெண்சுருட்டை வைத்து உபசரிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். துக்க வீட்டுக் கூடாரத்தில் புகைப்பவர்க்குத் தொலைவில் ஓர் இடம் ஒதுக்குவோம்.

புகைப்பவர் நமக்குப் பகைவர் அல்லர். அவரும் நிக்கோட்டினுக்கு அடிமைப்பட்டுத் துன்புறுபவரே. விட விரும்புவோர்க்கு அரசாங்க மருத்துவ நிலையங்களில் ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கின்றன. முதல் முயற்சியில் விட முடியாதவர் பலர். அவர்களை ஏளனம் செய்யாமல் மறுபடியும் அனுப்பிவைப்பது குடும்பத்தின் கடமை. அவர் விடும் நாள்வரை, அவர் வீட்டுக் காற்றாவது தூயதாக இருக்கட்டும்.

இன்றிரவு வீடு திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே இருக்கும் சாம்பல் கிண்ணத்தை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஏன் என்று கேட்பவர்க்கு, உறங்கும் பிள்ளையைக் காட்டுங்கள்.